பெல்ட்டைக் கழற்றி வைத்த அந்தப் பத்து நிமிடம்

என் வண்டி 2008-ல் பதிவான ஜப்பானிய செடான், 1.6 லிட்டர் எஞ்சின். 2018-ல் சிஓஇயை, அதாவது சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழை, பத்து ஆண்டுக்குப் புதுப்பித்து இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதன் டிரைவ் பெல்ட்டை மூன்று முறை என் கையால் மாற்றியிருக்கிறேன். முதல் முறை அவசரப்பட்டுச் செய்தேன். இரண்டாவது, அந்த அவசரத்தால் வந்த கேட்டைச் சரிசெய்ய. மூன்றாவது போன மாதம், நிதானமாக. இந்த மூன்றாவது முறை செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மெக்கானிக் இல்லை. பள்ளி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஆனால் என் அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் ஃபிட்டர். பிரிட்டிஷ் கடற்படைத் தளமாக இருந்த இடம் 1968-ல் கப்பல் பட்டறையாக மாறியபோது வேலைக்குச் சேர்ந்தவர். சுழலும் எந்தப் பொருளையும் கண்ணால் பார்ப்பதற்கு முன்பு கையால் தொட்டுப் பார்ப்பார். வீட்டில் மேசை விசிறி சத்தம் போட்டால்கூட, நிறுத்திவிட்டு இறக்கையை விரலால் மெதுவாகச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். அந்தப் பழக்கத்தை நான் முதல் முறை மறந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். புது பெல்ட் போட்டு ஆறு வாரம்கூட ஆகவில்லை. சனிக்கிழமை காலை அம்மாவை உட்லண்ட்ஸிலிருந்து தேக்காவுக்கு அழைத்துப் போகிறேன். சிலேத்தார் விரைவுச்சாலை தாண்டி மத்திய விரைவுச்சாலையில் அங் மோ கியோ பக்கம் வரும்போது ரப்பர் கருகும் வாடை வந்தது. "டப்" என்று ஒரு சத்தம். பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. ஏர்கானில் வெப்பக்காற்று. வெப்பமானி முள் மெல்ல ஏறத் தொடங்கியது. சாலையோரம் ஒதுக்கி எஞ்சினை நிறுத்திவிட்டு, அம்மாவைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்தேன். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் எமாஸ் இழுவை வண்டி வந்து அருகிலுள்ள கார் நிறுத்துமிடத்தில் கொண்டுபோய் விட்டது. விரைவுச்சாலையில் வண்டி நின்றுபோனால் அந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை.

பானெட்டைத் திறந்தால் புது பெல்ட் நார்நாராகக் கிழிந்து கிடந்தது. பெல்ட் மேல் குற்றமே இல்லை. ஐட்லர் புல்லி, அதாவது எதையும் ஓட்டாமல் பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டும் இருக்கும் சக்கரம், அதன் பேரிங் இறுகிச் சுற்றாமல் நின்றுவிட்டது. நின்றுபோன புல்லியின் மேல் பெல்ட் தேய்ந்து தேய்ந்து கருகி அறுந்திருக்கிறது. ஆறு வாரத்துக்கு முன்பு அதே புல்லியின் மேல்தான் நான் புது பெல்ட்டை மாட்டினேன். ஒரு முறை விரலால் சுற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதனால் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: பெல்ட்டைக் கழற்றுவதும் மாட்டுவதும் சுலபம். பெல்ட் இல்லாமல் புல்லிகள் எல்லாம் தனித்தனியாக நிற்கும் அந்தப் பத்து நிமிடம் மறுபடி கிடைக்க இன்னும் பல ஆண்டு ஆகும். அதை வீணாக்காதீர்கள்.

முதலில் எந்த பெல்ட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். எஞ்சினுக்கு வெளியே, பக்கவாட்டில், பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஓடும் கருப்பு ரப்பர் பெல்ட் இது. எஞ்சினின் சுழல்தண்டு முனையில் இருக்கும் கிராங்க் புல்லி சுழலும் வேகத்தை எடுத்துக்கொண்டு, பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், ஏர்கான் கம்ப்ரசர், பல வண்டிகளில் வாட்டர் பம்ப், பழைய வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் பம்ப் என எல்லாவற்றையும் சுற்றவைப்பது இதுதான். டைமிங் பெல்ட் வேறு. அது மூடிக்குள் இருக்கும், பற்கள் உள்ளது, வால்வு திறந்து மூடும் நேரத்தைப் பிடித்து வைத்திருப்பது. அதில் ஒரு பல் தவறினாலும் எஞ்சின் கெட்டுப்போகலாம். அதைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். உங்களுடையது மூன்றாம் தலைமுறை பிரியஸ் என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. அதில் வாட்டர் பம்ப்பும் கம்ப்ரசரும் மின்சாரத்தில் ஓடுகின்றன, இந்த பெல்ட்டே கிடையாது.

சரி, மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? முன்பெல்லாம் வெடிப்பைப் பார்ப்போம். பழைய நியோபிரீன் பெல்ட்டுகள் வயதானால் குறுக்கே வெடிப்பு விழும். இப்போது வருபவை பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். அவை வெடிக்காமலே தேய்ந்துவிடும். மேலோட்டமாகப் பார்த்தால் புதிதுபோல இருக்கும், ஆனால் பெல்ட்டின் ஒரு பக்கத்தில் நீளவாக்கில் ஓடும் வரிகளுக்கு நடுவே உள்ள பள்ளம் டயர் தேய்வது போல அகன்று போயிருக்கும். புது பெல்ட்டில் அந்தப் பள்ளம் கூர்மையான 'வி' வடிவத்தில் இருக்கும். தேய்ந்ததில் அடி விரிந்து 'யு' மாதிரி ஆகிவிடும். டார்ச் அடித்து, எஞ்சின் நின்றிருக்கும்போது நகத்தை அந்தப் பள்ளத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள். பக்கச் சுவர்கள் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருந்தாலோ, ஓரத்தில் நூல் பிரிந்திருந்தாலோ, எண்ணெய் ஊறி ரப்பர் உப்பியிருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். எண்ணெய் இருந்தால் அது எங்கிருந்து வழிகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். இல்லாவிட்டால் புது பெல்ட்டும் சீக்கிரமே அதே கதிக்கு வரும். கிலோமீட்டர் கணக்கு கேட்பவர்களுக்கு: 100,000 கிலோமீட்டரை ஒட்டி மாற்றிவிடுவது என் வழக்கம். நம் ஊரில் ஏர்கானை அணைக்கும் நாளே கிடையாது, சிக்னலிலும் சாலை நெரிசலிலும் நின்றபடியே எஞ்சின் ஓடும். மீட்டரில் ஏறாத அந்த மணி நேரமும் பெல்ட்டின் கணக்கில் சேரும்.

சத்தம் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் குப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது, தள்ளி நின்று, பெல்ட்டின் வரிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். "கீச் கீச்" என்று தாளம் போட்ட மாதிரி வந்த சத்தம் உடனே நின்று, சற்று நேரத்தில் திரும்பி வந்தால், ஏதோ ஒரு புல்லி நேர்க்கோட்டில் இல்லை. மாறாக, நீளமாக இழுத்த "கிரீச்" சத்தம் தண்ணீர் பட்டதும் இன்னும் பெரிதானால், பெல்ட் வழுக்குகிறது. இழுவிசை போதவில்லை அல்லது பெல்ட் தேய்ந்துவிட்டது. கடையில் விற்கும் பெல்ட் ஸ்ப்ரேயை மட்டும் அடிக்காதீர்கள். ஒரு வாரம் சத்தம் வராது, அப்புறம் தூசியெல்லாம் அதில் ஒட்டிப் பசையாகிவிடும்.

பெல்ட் வாங்கும்போது பழையதன் முதுகில் உள்ள எழுத்தைப் படியுங்கள். 6பிகே1230 என்று இருந்தால் ஆறு வரி, பிகே என்பது வரியின் வடிவம், 1230 மில்லிமீட்டர் நீளம். எண் அழிந்திருந்தால் லாக் கார்டில் (வண்டியின் பதிவு விவரம்) உள்ள சேசிஸ் எண்ணை எடுத்துக்கொண்டு போங்கள். நான் சின் மிங்கில் ஒரு பழைய உதிரிபாகக் கடையில் வாங்குவேன். அந்தக் கடை அங்கிள் பெல்ட்டின் நீளத்தைக் கேட்கவே மாட்டார், சேசிஸ் எண்ணைத்தான் கேட்பார். ஒரே மாடல் வண்டியிலேயே கம்ப்ரசர் மாறியிருந்தால் பெல்ட் நீளமும் மாறும் என்பது அவர் சொல்லித்தான் தெரியும். பாண்டோ, மிட்சுபோஷி இரண்டும் கோபே நகரத்துக் கம்பெனிகள். கேட்ஸ், கான்டினென்டல், டேகோவும் கிடைக்கும். இதில் எதுவும் நல்லதே. பெயரே கேள்விப்படாத மலிவுச் சரக்கை வாங்காதீர்கள். பெல்ட்டோடு ஐட்லர் புல்லியையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள் என்பது என் கருத்து. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நான் புது ஐட்லர் இல்லாமல் இந்த வேலையைத் தொடுவதில்லை.

எங்கே செய்வது? நான் குடியிருப்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் இதைச் செய்ய மாட்டேன். சக்கரத்தைக் கழற்றி வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி வைப்பதற்கு அது இடம் இல்லை. பக்கத்து வண்டிக்காரர் எப்போது வருவார் என்று பார்த்துக்கொண்டே வேலை செய்தால் கவனம் சிதறும். செம்பவாங் சாலைப் பக்கம் அக்காவுக்குத் தரைவீடு இருக்கிறது. முகப்பில் கூரை உண்டு, தரை சிமென்ட், மட்டமாக இருக்கும். ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போய்விடுவேன், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்று. ஆனால் நான் அங்கே ஓட்டிக்கொண்டு போன சூடு தணிய ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரை அக்கா போடும் இடியாப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். சுடும் எஞ்சினில் கை விட்டு முழங்கையைப் பொசுக்கிக்கொள்வதைவிட அது மேல்.

கருவிகள் அதிகமில்லை. ராட்செட், சாக்கெட் செட், நீளக் கைப்பிடி உள்ள அரை அங்குல பார் ஒன்று, 10, 12, 14, 19 எண் ஸ்பேனர்கள், ஜாக், ஜாக் ஸ்டாண்ட், சக்கரத்துக்கு அடை கொடுக்கக் கட்டை, டார்ச், பழைய பல் துலக்கி. ஸ்டாண்ட் இல்லாமல் ஜாக்கை மட்டும் நம்பி வண்டியின் அடியில் கையோ தலையோ விடாதீர்கள். இதில் பேச்சுக்கு இடமில்லை.

தொடங்குவதற்கு முன் தாலிச் சங்கிலியையும் வளையலையும் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிடுவேன், தலைமுடியைக் கொண்டை போட்டுவிடுவேன். ஆண்களுக்கு மோதிரமும் கடிகாரமும். சுழலும் பெல்ட்டில் மாட்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஆல்டர்னேட்டருக்கு வரும் தடித்த கம்பி நேராக பேட்டரியிலிருந்து வருவது. சாவியை எடுத்தாலும் அதில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். ஸ்பேனர் ஒரு முனை அதிலும் மறு முனை எஞ்சின் உடம்பிலும் பட்டால் பொறி பறக்கும். ஆகவே 10 எண் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள்.

இப்போது பெல்ட் ஓடும் பாதையைப் பதிவு செய்யுங்கள். சில வண்டிகளில் பானெட்டின் அடியில் படம் ஒட்டியிருக்கும், பலவற்றில் இருக்காது. கைப்பேசியில் படம் எடுப்பது நல்லது, ஆனால் எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே மூன்று விரல் அகல இடுக்கில் எடுத்த படத்தில் பாதி இருட்டாகத்தான் இருக்கும். நான் காகிதத்தில் வரைவேன். வட்டம் வட்டமாகப் புல்லிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் "வரி" அல்லது "முதுகு" என்று எழுதுவேன். வரி உள்ள புல்லியில் பெல்ட்டின் வரிப் பக்கம் உட்காரும், வழவழப்பான புல்லியில் பெல்ட்டின் முதுகு உரசும். இந்த ஒன்று நினைவிருந்தால் பாதை குழம்பினாலும் கண்டுபிடித்துவிடலாம்.

என் வண்டியில் பெல்ட் ஓட்டுநர் பக்கம் இருக்கிறது. மேலிருந்து கை எட்டாது என்பதால் வலது முன் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, கியர் 'பி'யில், எதிர்மூலையில் உள்ள இடது பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. வண்டி தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு அப்புறம் தூக்குங்கள். கையேட்டில் காட்டிய இடத்தில் ஸ்டாண்டை வைத்து, வண்டியின் எடையை அதன்மேல் இறக்கி, லேசாக ஆட்டிப் பாருங்கள். சக்கரத்துக்கு உட்புறம் உள்ள பிளாஸ்டிக் மறைப்பைக் கிளிப் கிளிப்பாக எடுத்தால் கிராங்க் புல்லி கண்ணுக்கு நேராகத் தெரியும். பழைய கிளிப்புகள் உடையும். ஐந்தாறு கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இழுவிசையைத் தளர்த்துவது. இதில் வண்டிக்கு வண்டி மாறும். தானியங்கி டென்ஷனர் இருந்தால், ஸ்பிரிங் வைத்த ஒரு கை பெல்ட்டை அழுத்திக்கொண்டிருக்கும். அதை எந்தப் பக்கம் தள்ளினால் பெல்ட் தளரும் என்று முதலில் கண்ணால் பாருங்கள், அதற்குப் பிறகு பாரை மாட்டுங்கள். மெதுவாக, ஒரே சீராகத் தள்ளுங்கள். புல்லியின் நடு போல்ட்டைப் பிடித்துத் திருப்பும் வகையாக இருந்தால், கை அசையாமல் போல்ட் மட்டும் கழல்வது போலத் தோன்றினால் உடனே நிறுத்துங்கள். தவறான திசை அல்லது தவறான இடம். சில டென்ஷனர்களில் கை முழுதும் பின்வாங்கியதும் இரண்டு ஓட்டைகள் நேராகும். அதில் ஒரு ஆலன் சாவியைச் செருகினால் கை அப்படியே நிற்கும். இல்லையென்றால் ஒருவர் பாரைப் பிடிக்க, இன்னொருவர் பெல்ட்டை எடுக்க வேண்டும். எனக்குப் பாரைப் பிடிப்பது அத்தான். எளிதில் கை எட்டும் வழவழப்பான புல்லியிலிருந்து பெல்ட்டை முதலில் நழுவவிடுங்கள். மற்றவற்றிலிருந்து தானே வந்துவிடும்.

டென்ஷனர் இல்லாத வண்டியில் ஆல்டர்னேட்டரே நகரும்படி இருக்கும். அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு, சரிசெய்யும் நீள போல்ட்டைத் திருப்பினால் ஆல்டர்னேட்டர் எஞ்சின் பக்கம் சாயும், பெல்ட் தளரும். டென்ஷனரும் இல்லை, சரிசெய்யும் போல்ட்டும் இல்லை என்றால் அது இழுபடும் வகை பெல்ட். அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும், புதியதைப் போடத் தனிக் கருவி வேண்டும். அதை வீட்டில் முயலாதீர்கள். எஞ்சின் மவுன்ட்டைக் கழற்றினால்தான் பெல்ட் வெளியே வரும் என்கிற வண்டிகளுக்கும் இதையே சொல்வேன்.

பெல்ட் வெளியே வந்துவிட்டது. இப்போது புதியதை எடுக்காதீர்கள். கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு புல்லியாகப் போங்கள்.

ஐட்லரிலிருந்து தொடங்குவேன். ஆள்காட்டி விரலால் ஒரு தட்டுத் தட்டிச் சுற்றவிடுங்கள். நல்ல பேரிங் சத்தமில்லாமல், லேசான தடையோடு, ஒன்றிரண்டு சுற்றில் நின்றுவிடும். உள்ளே இருக்கும் கிரீஸ் தரும் தடை அது. சுற்றுப் பலகையில் வைத்த பம்பரம் மாதிரி நெடுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். கிரீஸ் வறண்டுவிட்டது என்று அர்த்தம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, மிக மெதுவாக, ஒரு சுற்றுக்குப் பத்து நொடி எடுத்துச் சுற்றுங்கள். உள்ளே மணல் இருப்பது போல விரல் நுனியில் நறநறப்புத் தெரிகிறதா? ஓர் இடத்தில் மட்டும் சின்னதாக இடறுகிறதா? அடுத்து, புல்லியின் இரண்டு விளிம்பையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். "டிக்" என்று ஓர் அசைவு இருந்தாலும் மாற்றிவிட வேண்டியதுதான். போன மாதம் நான் கழற்றிய ஐட்லர் பார்ப்பதற்குப் பளிச்சென்று இருந்தது. வேகமாகச் சுற்றினால் ஒன்றும் தெரியவில்லை. மெதுவாகச் சுற்றியபோது நாலரை மணி இருக்கும் இடத்தில் அரிசியில் கல் கடிபட்டது போல ஒரு சின்ன இடறல். மகனைக் கூப்பிட்டு, "கண்ணை மூடிக்கிட்டு சுத்திப் பாருடா" என்றேன். மூன்றாவது சுற்றில் அவனுக்கும் தெரிந்துவிட்டது.

டென்ஷனரின் புல்லிக்கும் இதே சோதனை. அதோடு டென்ஷனரின் கையை பாரால் முழு தூரமும் தள்ளி விட்டுப் பாருங்கள். எங்கேயும் சிக்காமல், துள்ளாமல் திரும்பி வர வேண்டும்.

வாட்டர் பம்ப் புல்லியைச் சுற்றும்போது லேசான தடை இருக்கும், அது சரிதான். ஆட்டினால் அசையக் கூடாது. பம்ப்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சீல் போய்விட்டால் கூலன்ட் அதன் வழியாகத்தான் கசியும். அங்கே டார்ச் அடித்து, இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ உப்புப் படிந்த மாதிரி காய்ந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெல்ட்டைப் போடுவதற்கு முன் பம்ப்பை மாற்றுவது நல்லது, இரண்டு மாதத்தில் மறுபடி இதே பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருக்காது.

ஆல்டர்னேட்டரைச் சுற்றும்போது மெல்லிய உரசல் கேட்டால் பயப்படாதீர்கள், பிரஷ் உரசும் ஒலி அது. கரகரப்பு வேறு மாதிரி இருக்கும். சில வண்டிகளில் அதன் புல்லி ஒரு திசையில் ஆல்டர்னேட்டரைப் பிடித்து இழுக்கும், மறு திசையில் தனியாக நழுவும். அது கோளாறு இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். இரண்டு திசையிலும் பிடித்தாலோ, இரண்டிலும் நழுவினாலோதான் கோளாறு. கம்ப்ரசர் புல்லி, கிளட்ச் உள்ள வகையென்றால், பெல்ட் இல்லாதபோது தனியாகச் சுற்றும். அதையும் காது கொடுத்துக் கேளுங்கள்.

கடைசியாகப் பலரும் பார்க்காத இடம், கிராங்க் புல்லி. அது ஒரே இரும்புத் துண்டு போலத் தோன்றினாலும், பல வண்டிகளில் உள்வட்டத்துக்கும் வெளிவட்டத்துக்கும் நடுவே ஒரு ரப்பர் வளையம் இருக்கும். எஞ்சின் அதிர்வை அது வாங்கிக்கொள்கிறது. டார்ச் வெளிச்சத்தில் அந்த ரப்பரைச் சுற்றிலும் பாருங்கள். பிதுங்கியோ வெடித்தோ இருந்தால், வெளிவட்டம் விலகி பெல்ட் கோணலாக ஓடத் தொடங்கும். எத்தனை புது பெல்ட் போட்டாலும் கீச் சத்தம் போகாத வண்டிகளில் இதையும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

எல்லாம் சரி என்றால் புல்லிகளின் பள்ளங்களை உலர்ந்த பல் துலக்கியால் தேய்த்து, பிரேக் கிளீனர் தெளித்த துணியால் துடையுங்கள். வரிகளுக்குள் ரப்பர் துகள் கெட்டியாக ஒட்டியிருக்கும், பொறுமையாக எடுங்கள். பழைய பெல்ட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு ஒப்பிடுங்கள். பழையது சில மில்லிமீட்டர் நீண்டிருக்கலாம். வரிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும்.

மாட்டும்போது கிராங்க் புல்லியில் தொடங்கி, படத்தைப் பார்த்தபடி மற்ற வரிப் புல்லிகளில் போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் வழவழப்பான ஒரு புல்லியை மிச்சம் வையுங்கள். விளிம்பில்லாத வழவழப்பில் பெல்ட்டை ஏற்றுவது சுலபம். டென்ஷனரைப் பின்னுக்கு இழுத்து, கடைசிப் புல்லியில் ஏற்றி, மெதுவாக விடுங்கள். "பட்" என்று விட்டால் டென்ஷனருக்கும் கேடு, விரலுக்கும் கேடு.

இப்போது அவசரப்படாமல் ஒவ்வொரு புல்லியின் இரு ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். ஆறு வரி பெல்ட், ஆறு பள்ளம். ஒரு வரி தள்ளி உட்கார்ந்திருந்தால் புல்லியின் ஒரு விளிம்பில் வெறும் பள்ளம் ஒன்று விரலில் படும், மறு விளிம்பில் பெல்ட்டின் ஒரு வரி வெளியே தொங்கும். வரி ஒன்றின் அகலம் மூன்றரை மில்லிமீட்டர்தான், கண்ணுக்குத் தப்பிவிடும், விரலுக்குத் தப்பாது. கீழே இருட்டில் இருக்கும் கம்ப்ரசர் புல்லியில்தான் இது அதிகம் நடக்கும்.

தானியங்கி டென்ஷனரில் இழுவிசையை நீங்கள் வைக்க வேண்டியதில்லை. சிலவற்றில் ஒரு முள்ளும் இரண்டு கோடுகளும் இருக்கும், முள் அந்தக் கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். ஓரத்துக்குப் போய்விட்டால் பெல்ட் நீளம் தவறு. கையால் சரிசெய்யும் வண்டியில் இரண்டு புல்லிகளுக்கு இடையே நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தி, எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். அளவு கையேட்டில் இருக்கும். புது பெல்ட்டுக்கு ஓர் அளவு, ஓடிய பெல்ட்டுக்கு வேறு அளவு போட்டிருப்பார்கள். டொயோட்டா கையேடுகளில் ஐந்து நிமிடம் ஓடிவிட்டாலே அது பழைய பெல்ட் என்றுதான் கணக்கு. முதல் சில நிமிட ஓட்டத்திலேயே பெல்ட் பள்ளத்தில் படிந்து கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது. அதனால் ஓட்டிப் பார்த்த பிறகு மறுபடி அளந்து சரிசெய்யுங்கள். நன்றாக இருக்கட்டும் என்று அளவுக்கு மேல் இறுக்காதீர்கள். ஆல்டர்னேட்டர் பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் அதற்கு விலை கொடுக்கும்.

எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பு கிராங்க் போல்ட்டில் சாக்கெட்டை மாட்டி, எஞ்சின் ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். பெரும்பாலான எஞ்சின்களில் அது கடிகாரத் திசை. தவறாக உட்கார்ந்த வரி இருந்தால் இந்த இரண்டு சுற்றில் காட்டிக்கொடுத்துவிடும். மறைப்பை மாட்டி, சக்கரத்தைப் போட்டு, வண்டியை இறக்கி, வீல் நட்டுகளைக் குறுக்குமறுக்காக இறுக்குங்கள். சாக்கெட், பார், டார்ச், துணி எல்லாம் வெளியே இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். அப்புறம் பேட்டரி முனையை மாட்டி, கிளப்பி, பத்து நொடியில் நிறுத்தி, டார்ச்சோடு மறுபடி பாருங்கள். சரியாக இருந்தால் இன்னொரு முறை கிளப்பி, பேட்டரி விளக்கு அணைகிறதா என்று பார்த்துவிட்டு ஏர்கான், முன்விளக்கு, கண்ணாடியின் வெப்பக் கம்பி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடுங்கள். பவர் ஸ்டீயரிங் பம்ப் உள்ள வண்டியென்றால் ஸ்டீயரிங்கை ஒரு நொடி முழுதாக ஒடியுங்கள். அந்தச் சுமையிலும் பெல்ட் வாய் திறக்கக் கூடாது. டென்ஷனரின் கை லேசாக நடுங்கும், அது இயல்பு. துள்ளினால் இயல்பில்லை.

போன மாதம் ஓட்டிப் பார்க்க, அத்தானையும் மகனையும் ஏற்றிக்கொண்டு செம்பவாங் பூங்கா வரை போய் வந்தேன். ஜன்னலைத் திறந்துவைத்து, பேசாமல். திரும்பி வந்ததும் அப்பாவின் பழைய குறிப்பேட்டில் தேதியையும் 191,400 கிலோமீட்டர் என்பதையும் எழுதி, ஐட்லரும் மாற்றியது என்று சேர்த்துக்கொண்டேன். வண்டிக்குப் பத்து வயது தாண்டிவிட்டதால் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போகிறது, அதற்கு முந்தின வாரம் பெல்ட்டையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும் என்று பக்கத்து வரியில் குறித்திருக்கிறேன். பழைய ஐட்லரை மகன் தன் மேசையில் வைத்திருக்கிறான்.

வீல் நட்டுகளை மறுநாள் வேலைக்குப் போய்வந்த பிறகு இன்னொரு முறை பாரை வைத்து இறுக்கிப் பாருங்கள். எனக்கு ஒரு நட்டு கால் சுற்று இறங்கியது.